உண்மையை எழுதிக் கொடுங்கள்: விலங்குக் காப்பகம் பற்றிய வாசகர் கேள்விகள்

செல்லப்பிராணியைக் காப்பகத்தில் ஒப்படைப்பது, அங்கிருந்து தத்தெடுப்பது ஆகிய இரண்டையும் பற்றி வந்த கடிதங்களுக்கு, ஒப்படைப்பு மேசையிலும் தத்துப் பிரிவிலும் வேலை செய்யும் நாங்கள் பதில் எழுதுகிறோம். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் அச்சிடவில்லை. ஒப்படைப்பைப் பற்றிக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை.

கேள்வி: வீடு மாறியே ஆக வேண்டிய நிலை. நாயை ஒப்படைக்க ஒரு நோ-கில் காப்பகத்தை (இடமில்லை என்பதற்காக விலங்கைக் கொல்லாத காப்பகத்தை)க் கேட்டேன். மூன்று வாரம் காத்திருங்கள் என்றார்கள். உயிரைக் காப்பாற்றத்தானே காப்பகம்? இடமில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

பதில்: இடமில்லை என்று சொல்ல முடிகிற காப்பகத்தால்தான் உள்ளே இருக்கும் உயிர்களைக் காப்பாற்ற முடியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 2 விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் புது வீடு போய்ச் சேர 30 நாள் ஆகிறது என்றால், எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 60 இருக்கும். அதே வரவுக்குத் தங்கும் காலம் 45 நாளாக நீண்டால் 90 ஆகிவிடும். வரவு கூடவில்லை, ஆனால் 30 கூண்டு அதிகம் வேண்டும். கூண்டு இல்லாவிட்டால் முன்பின் தெரியாத இரண்டு நாய்களை ஒன்றாக அடைக்க வேண்டிவரும், பூனைக் கூண்டுகளை நடைபாதையில் அடுக்க வேண்டிவரும். பூனைக்கு மன அழுத்தம் கூடினால் உடலில் பதுங்கியிருக்கும் ஹெர்பஸ் வைரஸ் தலைதூக்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும். சளி பிடித்த பூனை தத்துப் போகாது, இன்னும் இரண்டு வாரம் தங்கும். அதனால் கூட்டம் மேலும் கூடும். இந்தச் சுழலில் மாட்டிய காப்பகத்தில் கடைசியில் நோய்தான் கூட்டத்தைக் குறைக்கும். முன்பதிவு வைத்திருப்பது அந்த நிலை வராமல் இருக்கத்தான்.

மூன்று வாரத்தைச் சும்மா கழிக்காதீர்கள். முதல் வேலை தடுப்பூசி. காப்பகத்துக்குள் நுழையும் அன்று போடும் ஊசி பலன் தரச் சில நாள் பிடிக்கும். நீங்கள் முன்பே போட்டுவிட்டால் நாய் கவசத்தோடு உள்ளே வரும். அடுத்தது படம். பகல் வெளிச்சத்தில், நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து நான்கைந்து படங்கள் எடுங்கள். பந்து விளையாடுவது, கூப்பிட்டால் ஓடிவருவது, வீட்டுக்குள் நிம்மதியாகத் தூங்குவது என்று அரை நிமிட வீடியோ இரண்டு மூன்று எடுங்கள். கூண்டுக்குள் நாங்கள் எடுக்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. இந்த நாட்களில் நீங்களே தெரிந்தவர்கள் வழியாக வீடு தேடலாம். நேரே வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் நாய்க்குக் கூண்டு வாசமே கிடையாது. ஆனால் ‘இலவசம்’ என்று அறிவித்து முதலில் வந்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அவருடைய கால்நடை மருத்துவர் யார் என்று கேளுங்கள், நாயின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் பதிவையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

வளர்ப்பவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார், வீடு எரிந்துவிட்டது, வீட்டில் யாருக்காவது ஆபத்து என்பது போன்ற அவசரங்களுக்கு வரிசை கிடையாது. அதைத் தொலைபேசியில் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்னொன்று: இரவில் வாசல் கதவில் கட்டிவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். பயந்த நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு சாலைக்கு ஓடிவிடும். ஓடாமல் நின்றாலும் அதன் பெயர், வயது, நோய், பழக்கம் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: நோ-கில் என்றால் ஒரு விலங்கையும் கருணைக்கொலை செய்யவே மாட்டார்களா?

பதில்: இடப் பற்றாக்குறைக்காகவோ, நாள் கடந்துவிட்டது என்பதற்காகவோ, வயதாகிவிட்டது என்பதற்காகவோ கொல்ல மாட்டோம் என்பதே அந்தச் சொல்லின் பொருள். வலியைக் குறைக்க வழியே இல்லாத நோய், மனிதர்களுக்கோ மற்ற விலங்குகளுக்கோ கடும் ஆபத்தான, மாற்ற முடியாத மூர்க்கம் என்ற இரண்டு நிலைகளில் மருத்துவர் முடிவெடுப்பது உண்டு. உள்ளே வரும் 100 விலங்குகளில் 90 அல்லது அதற்கு மேல் உயிரோடு வெளியே போக வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு காப்பகத்தை மெச்சிவிடாதீர்கள். நோயுற்றதையும் கிழடானதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் எந்தக் காப்பகமும் 99 காட்டலாம். ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை வந்தன, எத்தனை தத்துப் போயின, எத்தனை உரிமையாளரிடம் திரும்பின, எத்தனை வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன, எத்தனை உள்ளே இறந்தன, எத்தனை கருணைக்கொலை செய்யப்பட்டன. ஆறு எண்களையும் தயங்காமல் தரும் இடம் நம்பத்தக்கது.

கேள்வி: ஒப்படைக்கும் அன்று என்னென்ன கொண்டுவர வேண்டும்?

பதில்: உங்கள் அடையாள அட்டை, பிராணி உங்களுடையது என்று காட்டும் ஏதேனும் ஒரு தாள் (மருத்துவச் சீட்டு, உரிமம், சிப் பதிவு), தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த சீட்டு, இப்போது கொடுக்கும் மருந்தும் அதன் அளவும். பிராணி வேறொருவர் பெயரில் இருந்தால் அவரும் வர வேண்டும், அல்லது கையெழுத்திட்ட கடிதம் தர வேண்டும். கணவனும் மனைவியும் பிரியும்போது ஒருவர் மட்டும் வந்து ஒப்படைத்துவிட்டு, மறுநாள் மற்றவர் வந்து அழுவது வழக்கமான சங்கடம்.

இப்போது சாப்பிடும் உணவில் ஒரு வாரத்துக்கான அளவு கொண்டுவாருங்கள். உணவு திடீரென்று மாறினால் வயிற்றுப்போக்கு வரும். இங்கே வயிற்றுப்போக்கு என்றாலே முதலில் பார்வோ (வேகமாகத் தொற்றும் குடல் வைரஸ் நோய்) சந்தேகம்தான், உடனே தனிமைப்படுத்த வேண்டிவரும். அது படுத்துப் பழகிய துணியையும் கொண்டுவாருங்கள். துவைக்க வேண்டாம். வீட்டு வாசனை அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நான்கு பக்கப் படிவம். எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், தனியாக விட்டால் என்ன செய்யும், இடி சத்தத்துக்குப் பயப்படுமா, நகம் வெட்ட விடுமா, சாப்பிடும்போது தட்டருகே போனால் உறுமுமா, எந்த வயதுக் குழந்தைகளோடு இருந்திருக்கிறது, பூனையைப் பார்த்தால் துரத்துமா என்றெல்லாம் கேட்டிருப்போம். ‘நல்ல நாய், எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எங்களால் ஒரு வீட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கேள்வி: எங்கள் நாய் ஒருமுறை உறவுக்காரப் பையனைக் கடித்துவிட்டது. சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்களோ, கொன்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்க வேண்டாம். உங்கள் பயம் புரிகிறது, அது அந்த நாயின்மேல் உள்ள பாசத்தில் வருவது. ஆனால் மறைத்தால் நாங்கள் அதைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுப்போம். இரண்டாவது கடி அங்கே விழும். இரண்டு கடி பதிவான நாய்க்கு வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடித்தது என்ற ஒற்றைச் சொல்லைவிட எப்படிக் கடித்தது என்பதுதான் எங்களுக்குத் தேவை. தோல் கிழிந்ததா, பல் பதிந்ததா, வெறும் உரசலா? ஒருமுறை கவ்வி விட்டதா, விடாமல் உலுக்கியதா? தூங்கும்போது தொட்டார்களா, வாயிலிருந்ததைப் பிடுங்கினார்களா, காதைப் பிடித்து இழுத்தார்களா? அதற்குமுன் உறுமி எச்சரித்ததா? எச்சரித்து, தோல் கிழியாமல் கவ்விவிட்டு விலகிய நாய்க்குத் தன்னை அடக்கத் தெரிகிறது என்று பொருள். பெரியவர்கள் மட்டும் உள்ள அமைதியான வீட்டில் அது ஆயுள் முழுக்கச் சிக்கலின்றி வாழலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. காது சீழ், பல் வலி, மூட்டு வலி இருக்கும் நாய் தொட்டதும் கடிக்கும். வலியைத் தீர்த்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கடி நடந்து 10 நாள் ஆகவில்லை என்றால் நாயைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். ரேபிஸ் கிருமி எச்சிலில் வரும் நிலையில் இருந்த நாய்க்கு அந்த 10 நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். ஆனால் கடிபட்டவர் அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கூண்டுக்குள் வைத்து நாங்கள் செய்யும் குணச் சோதனையை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. பயத்தில் நடுங்கும் நாய் முன் தட்டை நீட்டி, பொம்மைக் கையால் தொட்டுப் பார்த்து, வீட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது பெரும்பாலும் தவறிப்போகிறது. உங்களோடு அது ஐந்து வருடம் வாழ்ந்திருக்கிறது. எங்கள் பத்து நிமிடச் சோதனை அந்த ஐந்து வருடத்துக்கு எப்படி ஈடாகும்?

கேள்வி: ஒப்படைத்த பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: முதலில் ஸ்கேனர். சிப் அரிசி மணி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே போட்டது நாளடைவில் நகர்ந்து முழங்கைக்கோ மார்புக்கோ இறங்கியிருக்கலாம். அதனால் உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு, உடல் முழுக்க மெதுவாக, வளைந்து வளைந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகமாக ஒருமுறை தடவிவிட்டுச் ‘சிப் இல்லை’ என்பது நடக்கக் கூடாத தவறு. பிறகு எடை, பல்லை வைத்து வயது, தோல், காது, உண்ணி, மலப் பரிசோதனை, குடற்புழு மருந்து. பூனைக்கு லுகேமியா வைரஸ் சோதனையும் செய்வோம். தடுப்பூசி அன்றைக்கே, முடிந்தால் மற்ற விலங்குகள் இருக்கும் பகுதிக்குள் நுழையும் முன்பே. வீட்டுக் குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவதைக் காப்பகத்தில் 4 வார வயதிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 16 முதல் 20 வாரம் ஆகும்வரை போடுவோம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு நாளில் வடியும். அது வடியும்வரை ஊசி பிடிக்காது. வடிந்த நாள் எது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் அடுத்தடுத்துப் போட வேண்டியிருக்கிறது.

எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பார்வோ. அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். கை கழுவும் ஆல்கஹால் திரவத்துக்கும் சாதாரணத் தரைக் கிருமிநாசினிக்கும் சாகாது. 5 சதவீத வீட்டு பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டால் சாகும். ஆனால் மலமும் அழுக்கும் இருந்தால் பிளீச் அதிலேயே வீணாகிவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அலசி, அதன் பிறகே பிளீச் ஊற்ற வேண்டும். கலந்து வைத்ததை மறுநாள் பயன்படுத்தக் கூடாது, வீரியம் போயிருக்கும். வேலை வரிசையும் முக்கியம்: ஆரோக்கியமான குட்டிகள் முதலில், பிறகு பெரியவை, நோயுற்றவை கடைசியில். இந்த வரிசை ஒருநாள் மாறினால் ஊழியரின் செருப்பே நோயைச் சுமந்து போகும்.

நோய்த் தொடர்பு சந்தேகம் உள்ளதை 14 நாள் தனியாக வைப்போம். சந்தேகமே இல்லாத விலங்கையும் இரண்டு வாரம் பூட்டிவைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. தங்கும் காலம் நீள்வதே ஒரு நோய்க் காரணம் என்று மேலே சொன்னோமே.

பூனைக்கு நாங்கள் கொடுக்கும் முதல் மருந்து ஓர் அட்டைப்பெட்டி. ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த பூனை சீக்கிரம் சாப்பிடத் தொடங்கும். மனிதர்கள் பார்க்க வேண்டும் என்று பெட்டியை எடுத்துவிட்டால் அது மூலையில் சுருண்டு, யாரிடமும் வராத பூனை என்று பெயர் வாங்கிவிடும்.

கேள்வி: ஒப்படைத்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா? போய்ப் பார்க்கலாமா?

பதில்: கையெழுத்திட்டதும் உரிமை காப்பகத்துக்கு மாறிவிடுகிறது. தத்துப் போகாமல் இருந்தால் பேசிப் பார்க்கலாம், உறுதி தர முடியாது. போய்ப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உங்களைக் கண்டு துள்ளும், நீங்கள் போன பிறகு இரண்டு நாள் சாப்பிடாது. சேதி வேண்டுமென்றால் படிவத்திலேயே ‘தத்துப் போனதும் தெரிவிக்கவும்’ என்று எழுதிவிடுங்கள். நிலைமை தற்காலிகமானது என்றால், அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மாதம் என்பது போல, ஒப்படைக்காமல் தற்காலிக வளர்ப்பு வீடு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: எட்டு வயது ஆண் பூனை. சில மாதங்களாகக் கட்டிலிலும் துணியிலும் சிறுநீர் கழிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் வெறுத்துவிட்டது. ஒப்படைக்கலாமா?

பதில்: ஒப்படைக்கும் முன் ஒரு மாதம் கொடுங்கள். இந்தக் குறையோடு வரும் எட்டு வயதுப் பூனை இங்கே மிக நீண்ட நாள் காத்திருக்கும், ஆனால் இந்தக் குறை பெரும்பாலும் தீரக்கூடியது.

முதலில் மருத்துவர், சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்ப்பை அழற்சி, கல், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, மணல் தட்டின் (பூனை சிறுநீர், மலம் கழிக்க மணல் நிரப்பி வைக்கும் தட்டின்) விளிம்பைத் தாண்ட முடியாத மூட்டு வலி, இவற்றில் எது இருந்தாலும் பூனை தட்டைத் தவிர்க்கும். ஆண் பூனை என்பதால் ஓர் எச்சரிக்கை: தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

உடல் சரி என்றால் தட்டைப் பாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாகத் தட்டுகள் வேண்டும், அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். ஒரே மூலையில் வரிசையாக வைத்த மூன்று தட்டும் பூனைக்கு ஒரே தட்டுதான். நீளம் பூனையின் உடலைப்போல ஒன்றரை மடங்கு, ஒரு பக்கம் தாழ்வான விளிம்பு, மூடி வேண்டாம், வாசனை கலந்த மணல் வேண்டாம். தினமும் ஒருமுறையாவது அள்ளுங்கள். சிறுநீர் பட்ட இடங்களை என்சைம் கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது பூனைக்குச் சிறுநீர் போலவே மணக்கும், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: தத்தெடுக்கப் போனால் பெண் கேட்டு வந்தவரை விசாரிப்பதைவிட அதிகம் விசாரிக்கிறார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு கேள்வியா? விண்ணப்பத்தையும் நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: கேள்விகள் உங்களை எடைபோட அல்ல, எந்த நாய் பொருந்தும் என்று பார்க்க. வாடகை வீடா என்று கேட்பது, வீட்டு உரிமையாளர் மறுத்ததால் திரும்பி வரும் விலங்குகள் அதிகம் என்பதால். வீட்டில் எல்லோரும் வர வேண்டும் என்பது, ஒருவருக்கு ஒவ்வாமை இருப்பதோ ஒருவருக்கு விருப்பமில்லாததோ பிறகுதான் தெரியவருகிறது என்பதால். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பது, தனிமையில் கதவைக் குதறும் நாயை அங்கே அனுப்பிவிடக் கூடாது என்பதால். ஒட்டிப் பிறந்ததுபோல் வாழும் இரண்டு விலங்குகளைப் பிரிக்க மாட்டோம் என்று சொல்வதும் உண்டு. ஒன்றைப் பிரித்தால் மற்றது சாப்பாட்டை நிறுத்திவிடும்.

அதே நேரத்தில் சில காப்பகங்கள் அளவுக்கு மீறிக் கெடுபிடி செய்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். சுற்றுச்சுவர் இல்லை, வேலைக்குப் போகிறவர், வயதானவர் என்று ஒற்றைக் காரணத்துக்காகத் தள்ளுவது சரியில்லை. தினமும் இருமுறை நடக்கக் கூட்டிப்போகும் மாடிவீட்டுக்காரரிடம் நாய் நன்றாகவே இருக்கும். நிராகரிப்புக்குக் காரணம் கேளுங்கள். ‘இந்த நாய் வேண்டாம் என்றால் எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?’ என்றும் கேளுங்கள். படத்தைப் பார்த்து மனதில் ஒன்றை முடிவு செய்துவிட்டு வருபவருக்கு ஏமாற்றம் அதிகம். நாங்கள் காட்டும் மூன்றாவது நாயோடு அரைமணி நேரம் உட்கார்ந்தவர் பலமுறை அதையே கூட்டிப்போகிறார்.

கேள்வி: குட்டியைக் கருத்தடை செய்யாமல் தர மாட்டோம் என்கிறார்கள். இத்தனை சின்ன வயதில் ஆபத்தில்லையா?

பதில்: 8 வாரம் ஆகி, சுமார் ஒரு கிலோ எடை இருந்தால் செய்யலாம். நீண்ட நேரம் பட்டினி போடாமலும் உடல் சூடு குறையாமலும் பார்த்துக்கொண்டால் குட்டிகள் பெரியவற்றைவிட வேகமாகத் தேறும். ‘பிறகு செய்துகொள்கிறோம்’ என்ற வாக்குறுதியை நாங்கள் நம்பாததற்குக் காரணம் நேரம். பெண் பூனை 4 மாதத்திலேயே சினைப்படலாம், சினைக்காலம் 9 வாரம்தான். வாக்குறுதி கொடுத்தவர் நாள் குறிப்பதற்குள் குட்டிகள் பிறந்துவிடும்.

கேள்வி: தத்தெடுத்த நாய் மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்களைப் பிடிக்கவில்லையோ?

பதில்: பிடிக்காமல் இல்லை, இன்னும் புரியவில்லை. 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு எங்களிடம் உண்டு. முதல் 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், 3 மாதத்தில் உங்களோடு ஒட்டும். பயந்த சுபாவம் என்றால் அதைவிடவும் ஆகலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். தண்ணீரும் தட்டும் அருகே வைத்துவிட்டு, பார்க்காமல் தரையில் உட்கார்ந்து ஏதாவது வாசியுங்கள். விருந்தாளிகள் வேண்டாம், குளியல் வேண்டாம், பூங்கா வேண்டாம். சாப்பாடும் வெளியே போவதும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

நாய் ஓரிரு நாள் அரைவயிறாக இருந்தால் கவலையில்லை. தண்ணீர் குடிக்கவில்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு என்றால் உடனே மருத்துவர். இதே கேள்வியைப் பூனைக்குக் கேட்டிருந்தால் பதில் வேறு. 24 மணி நேரம் எதுவுமே தின்னாத பூனைக்காகக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள், இரண்டாம் நாள் மருத்துவரிடம் போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த நாட்களில் நாங்கள் அதிகம் பயப்படுவது நாய் தப்பி ஓடுவதை. அதற்கு உங்கள் வீடு தன் வீடு என்று இன்னும் தெரியாது, ஓடினால் திரும்பி வர வழியும் தெரியாது. முதல் சில வாரங்களுக்கு மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கம் போதும். வண்டிக் கதவைத் திறக்கும் முன் கயிறு கையில் இருக்க வேண்டும். சிப் பதிவில் உங்கள் தொலைபேசி எண் ஏறிவிட்டதா என்று முதல் நாளே பாருங்கள். சிப் தானாக இருப்பிடம் காட்டாது, யாராவது ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். அந்த எண் பழைய உரிமையாளருடையதாக இருந்தால் என்ன பயன்?

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கிறது. புதுப் பூனையை எப்படிச் சேர்ப்பது?

பதில்: நேருக்கு நேர் விட்டு ‘தானே பழகிக்கொள்ளும்’ என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் சண்டையின் நினைவு மாதக்கணக்கில் போகாது. புதுப் பூனைக்குத் தனியறை, தனித் தட்டு, தனித் தண்ணீர். ஒரு வாரம் முகமே பார்க்க வேண்டாம். ஒன்றைத் துடைத்த துணியை மற்றது தூங்கும் இடத்தில் வையுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் தட்டு வைத்துச் சாப்பிட விடுங்கள். நிம்மதியாகச் சாப்பிட்டால் கதவில் விரலளவு இடைவெளி விடலாம். சீறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். நேரில் பார்ப்பது அதன் பிறகு, ஐந்து நிமிடமாகத் தொடங்கி.

புதிதாக வருவது நாய் என்றால் கயிற்றில் இருக்க வேண்டும், பூனைக்கு ஏறி ஒதுங்க உயரமான இடம் வேண்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் குரலுக்குத் திரும்பினால் நம்பிக்கை உண்டு. உடல் விறைத்து, கண் இமைக்காமல், கூப்பிட்டாலும் திரும்பாமல் நின்றால் அந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கும் முயற்சியைக் கைவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிறகு என் நாய் என்ன ஆகும் என்ற கவலை.

பதில்: இப்போதே யோசிப்பது உங்கள் நாயின் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: யார் எடுத்துக்கொள்வார், அவரால் முடியாவிட்டால் இன்னொருவர் யார், மருத்துவர் யார், உணவு, மருந்து, பழக்கவழக்கம். இருவரிடமும் வாய்விட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். ‘மகன் பார்த்துக்கொள்வான்’ என்று மகனைக் கேட்காமலே நினைத்துக்கொண்டவர்களின் நாய்கள்தான் இங்கே வருகின்றன. அருகில் இருக்கும் ஒருவரிடம் சாவி இருக்கட்டும். ‘வீட்டில் நாய் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற அட்டை உங்கள் பையில் இருக்கட்டும்.

கேள்வி: தத்தெடுத்துப் பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா? மறுபடி தத்துத் தர மறுப்பார்களா?

பதில்: திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில், எத்தனை வருடம் கழித்தும் வேறு யாருக்கும் கைமாற்றாமல் எங்களிடமே தர வேண்டும் என்று எழுதியிருப்பதற்குக் காரணமே அதுதான். நாங்கள் திட்டினால் அடுத்தவர் திருப்பித் தர வெட்கப்பட்டு யாருக்கோ கொடுத்துவிடுவார், அதன் பிறகு அந்த விலங்கு எங்கே போனது என்றே தெரியாது.

ஆனால் தாங்க முடியாத கட்டம் வரை பொறுத்துவிட்டு வராதீர்கள். முதல் உறுமலிலேயே கூப்பிடுங்கள். பாதிக்குமேல் தொலைபேசியிலேயே தீர்க்கக்கூடிய சிக்கல்கள். கூப்பிட்டும் தீரவில்லை, திருப்பித்தான் தர வேண்டும் என்றால், வரும்போது எழுதிக் கொண்டுவாருங்கள்: எத்தனை மணி நேரம் தனியாக விட்டீர்கள், எதைக் கண்டு குரைத்தது, குழந்தை அழுதபோது என்ன செய்தது, இரவில் எங்கே தூங்கியது, யாரிடம் முதலில் வந்து வாலாட்டியது. உங்கள் வீட்டில் அது இருந்த நாட்களைப் பற்றி அந்தத் தாளில் உள்ளதை அதன் கூண்டுக் கதவில் மாட்டுவோம். அடுத்து வருபவர் முதலில் வாசிப்பது அதைத்தான்.